அழகா, வேகமா, உயிரா?

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்து நாலு நாள் ஆகிறது. உம்மா கையால் சாப்பாடு, சாயங்காலம் கடற்கரை, ராத்திரி மொட்டை மாடி. ரொம்ப நாளாக எழுத நினைத்து, எழுத வெட்கப்பட்டு, தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் பற்றியது. என் முட்டாள்தனம் பற்றியதும்தான்.

சின்ன வயதில் என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சிவப்புக் கார் படம் ஒட்டியிருந்தது. ஹாங்காங்கில் இருக்கும் பெரியம்மா மகன் காக்கா கொண்டுவந்த காலண்டரில் இருந்து கிழித்தது. எங்கள் காயல்பட்டினத்தில் சில சந்துகளில் ஒரு ஆட்டோவும் ஒரு பைக்கும் எதிரெதிரே வந்தாலே யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நிற்கும் அந்தக் கார் இந்த ஊருக்கு வந்தால் முதல் வேகத்தடையிலேயே படுத்துவிடும். அதெல்லாம் அந்த வயதில் தெரியுமா? "இது எப்படி இவ்வளவு அழகா இருக்கு?" என்பது மட்டும்தான் அப்போது எனக்கிருந்த கேள்வி.

எங்கள் கரைக்கு வேகம் ஒன்றும் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் ஹோர்முஸ், ஏடன் பகுதிகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். (அவர் சொன்ன காயல் எங்கள் ஊரா, பழையகாயலா என்பது தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) பாண்டிய அரசர்கள் காசைக் கொட்டி வாங்கினார்களாம். ஆனால் லாடம் அடிக்கத் தெரிந்தவர்களும், பராமரிக்கத் தெரிந்தவர்களும் இல்லாததால் அந்தக் குதிரைகள் ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் செத்துப் போயின என்கிறார். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் அதுதானே! குதிரையை வாங்கியாயிற்று, கூடவே வரவேண்டிய கைவேலை வரவில்லை. கொஞ்சம் பொறுங்கள், இதே தப்பை நானும் செய்தேன்.

ஸ்போர்ட்ஸ் கார் வடிவமைப்பில் எப்போதும் மூன்று பேர் சண்டை போடுவார்கள். முதலாமவர் வேகம். எடையைக் குறை, உயரத்தைக் குறை, காற்றைக் கிழித்துக்கொண்டு போ என்பார். இரண்டாமவர் அழகு. கூரை சரிய வேண்டும், மூக்கு கூராக இருக்க வேண்டும், பார்த்தவன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பார். மூன்றாமவர் பாதுகாப்பு. இங்கே ஒரு கம்பி, அங்கே ஒரு தடுப்பு, மூக்கில் நசுங்குவதற்கு இடம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாண வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லும் மாமா மாதிரி இவரை யாருக்கும் பிடிக்காது.

இந்தச் சண்டையில் அழகு மட்டும் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆடி டிடி நல்ல உதாரணம். 1998இல் விற்பனைக்கு வந்தது. கண்காட்சியில் வைத்த மாதிரிக் காரின் உருண்டையான வடிவத்தை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்தார்கள். பின்பக்கம் ஒரு கோடுகூட உறுத்தாத வளைவு. ஆனால் அதிவேகத்தில் அந்த வளைவின் மேல் ஓடும் காற்று காரின் பின்பகுதியை மேலே தூக்கியது. வேகமாகப் போகும்போது சட்டென்று பாதை மாற்றினாலோ, வளைவில் காலை எடுத்தாலோ பின்சக்கரம் பிடி விட்டது. ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் உயிர்கள் போன பிறகு, விற்ற கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சின்ன ஸ்பாய்லரும், சஸ்பென்ஷனில் மாற்றங்களும், சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஸ்பாய்லர் காரின் அழகைக் கெடுத்துவிட்டது என்று வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். நான் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

இதற்கு நேர் எதிரான கதை 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல். பறவை சிறகை விரிப்பது போலக் கதவு மேலே திறக்குமே, அந்தக் கார். ஸ்டைலுக்காக அப்படி வைத்தார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தக் காரின் எலும்புக்கூடு மெல்லிய எஃகுக் குழாய்களால் ஆனது. எடை குறைவாகவும் வேண்டும், முறுக்கினால் வளையாமலும் இருக்க வேண்டும் என்பதால் பக்கவாட்டில் குழாய்ச் சட்டத்தை உயரமாக ஏற்றிவிட்டார்கள். வழக்கமான கதவு வைக்க இடமே இல்லை. வேறு வழியில்லாமல் கதவின் கீலைக் கூரையில் வைத்தார்கள். எழுபது வருடம் கழித்தும் ஜனங்கள் வாயைப் பிளந்து பார்க்கிற அந்த அழகு, ஒரு இன்ஜினியரிங் நெருக்கடியில் பிறந்தது!

சரி, நம்ம நாட்டுப் பக்கம் வருவோம். 1990களின் கடைசியில் கோவாவில் சான் மோட்டார்ஸ் என்ற நிறுவனம் 'சான் ஸ்டார்ம்' என்ற இரண்டு பேர் உட்காரும் காரைக் கொண்டுவந்தது. பெயர்தான் புயல். உள்ளே இருந்தது 1149 சிசி ரெனால்ட் எஞ்சின், சுமார் 60 குதிரைத் திறன். ஆனால் உடம்பு ஃபைபர் கிளாஸ், அதனால் எடை குறைவு. பெரிய எஞ்சினுக்குக் காசில்லாத இடத்தில் எடையைக் குறைத்து வேகம் தேடுகிற வழி அது.

அதற்கும் முன்னாலேயே அந்த வழியில் போனவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர் எஸ். கரிவரதன். பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் பணக்காரர் விளையாட்டு என்றிருந்த காலத்தில், மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். 1988இல் வந்த ஃபார்முலா மாருதி அதுதான். 796 சிசி எஞ்சின்! அந்த வகைக் காரில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995இல் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நான் அவமானப்பட்டதும் அந்த மைதானத்தில்தான்.

எங்கள் கல்லூரியில் மாணவர்களே பந்தயக் கார் கட்டும் குழு ஒன்று உண்டு. ஃபார்முலா பாரத் என்று ஒரு போட்டி, கரி ஸ்பீட்வேயில் நடக்கும். நாடு முழுவதிலுமிருந்து கல்லூரிகள் தாங்களே வடிவமைத்த காரோடு வரும். ஓட்டம் மட்டும் பார்க்க மாட்டார்கள். ஏன் இப்படி வடிவமைத்தாய், எவ்வளவு செலவு, எப்படி விற்பாய் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். ஆனால் கார் ஓடுவதற்கு முன்னால் தொழில்நுட்பச் சோதனையைத் தாண்ட வேண்டும். அதைத் தாண்டாவிட்டால் டயர் தார் ரோட்டைத் தொடாது.

இரண்டாம் வருடத்தில் என்னைச் சட்டகமும் வெளி உடம்பும் வரையும் வேலைக்குப் போட்டார்கள். கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த சிவப்புக் கார் ஞாபகம் வந்துவிட்டது. விடுவேனா? மூன்று மாதம் கணினியை விட்டு நகரவில்லை.

இந்த வகைக் காரில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய எஃகு வளையம் இருக்கும். மெயின் ஹூப் என்போம். கார் தலைகீழாகக் கவிழ்ந்தால் தரையில் முட்டுவது அந்த வளையம்தான், தலை அல்ல. ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்னொரு வளையம். இரண்டின் உச்சியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், ஹெல்மெட் அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 50 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இது விதி.

எனக்கு அந்த வளையம் பிடிக்கவே இல்லை. அழகான உடம்பின் மேல் துணி காயப்போடும் கம்பி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அதனால் இருக்கையை நன்றாகச் சாய்த்து, ஓட்டுநரைப் படுக்கவைத்து, வளையத்தை 40 மில்லிமீட்டர் இறக்கினேன். கணினியில் விதி சரியாக இருந்தது. குழுவில் கேட்டபோது, "எடை குறையும், புவியீர்ப்பு மையம் கீழே போகும், வளைவில் கார் நன்றாகப் பிடிக்கும்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன். பிற்பாடு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து மிச்சமான குழாய் 80 மில்லிமீட்டர், எடை 110 கிராம். ஒரு வாழைப்பழம்! வேகம் என்று வாயால் சொன்னேன். மனதில் இருந்தது அழகு மட்டும்தான்.

அந்தப் பொங்கல் விடுமுறைக்கு முந்தின விடுமுறையில் ஊருக்கு வந்தபோது மூக்குப் பகுதியை ஃபைபரில் செய்யக் கற்றுக்கொள்ள நினைத்தேன். எங்கள் ஊரை ஒட்டிய சிங்கித்துறையில் ஃபைபர் படகு ஒட்டுவார்கள். வாப்பாவுக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அந்த வேலை செய்கிறவர். ரெசினில் ஹார்டனர் எவ்வளவு கலக்க வேண்டும், வெயில் நாளில் ஏன் குறைக்க வேண்டும், பாயை விரித்துக் காற்றுக் குமிழ் இல்லாமல் எப்படி உருட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நன்றிக்கடனாக மடிக்கணினியைத் திறந்து என் காரைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு தம்பி. ஆளு எங்க?"

"எந்த ஆளுண்ணே?"

"ஓட்டுற ஆளு. நாங்க படகு ஒட்டும்போது அணியத்துல ஆளு நின்னு வலை இழுக்கணும், கால் வைக்க எடம் வேணும்னு பார்த்துத்தான் ஒட்டுவோம். இதுல ஆளையே காணோமே."

படத்தில் மறைத்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டலாம் என்று சொல்லிச் சிரித்தேன். உண்மையிலேயே ஒரு பட்டனைத் தட்டினால் மனித பொம்மை வரும். படம் அழகாகத் தெரியவில்லை என்று அதை அணைத்து வைத்திருந்தேன்.

கார் தயாரானது. எங்கள் ஓட்டுநர் கடைசி வருடத்து அண்ணன் ஒருவர். இரண்டு வருடம் குழுவில் வெல்டிங், வயரிங், டயர் மாற்றுவது என்று எல்லா வேலையும் பார்த்துவிட்டு, கடைசியில் ஓட்டும் வாய்ப்பு வாங்கியவர். வேலைக்குச் சேருவதற்கு முன் அவருக்கு இது ஒன்றுதான். முதல் நாள் உட்கார்ந்தபோதே, "டேய், முன்னாடி ஒண்ணும் தெரியலடா" என்றார். நான் வரைந்த சாய்வில் படுத்தால் அவர் கண்ணுக்கு முன்வளையம்தான் தெரிந்தது, பாதை தெரியவில்லை. பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கவும் முதுகுக்குப் பிடிப்பில்லை. சரி என்று முதுகுக்குப் பின்னால் ஃபோம் வைத்தோம். நிமிர்ந்து உட்கார்ந்தார், எல்லாம் தெரிந்தது. தலை எவ்வளவு மேலே வந்தது என்று யாரும் அளக்கவில்லை. அளந்திருக்க வேண்டியவன் நான்.

சோதனை அதிகாரி ஹெல்மெட் போட்டு அவரை உட்காரச் சொன்னார். ஒரு நேரான சட்டத்தை இரண்டு வளையங்களின் மேல் வைத்தார். அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். "32" என்றார். வேண்டியது 50. பதினெட்டு மில்லிமீட்டர் குறைவு.

ஃபோமை எடுத்துவிட்டு உட்கார வைத்தோம். இப்போது இடைவெளி சரி, ஆனால் பிரேக் மிதிக்க முடியவில்லை. நாலு சக்கரமும் ஒன்றாகப் பூட்டும்படி பிரேக் பிடித்துக் காட்டுவதும் ஒரு சோதனை. மேலே ஒரு துண்டு வைத்து வெல்டு பண்ணலாமா என்று ஒரு ஜூனியர் கேட்டான். முடியாது. மெயின் ஹூப் ஒரே குழாயாக, வெட்டாமல் ஒட்டாமல் வளைத்ததாக இருக்க வேண்டும் என்பதும் விதி. ஒட்டுப் போட்ட இடத்தில்தானே உடையும்?

அந்த வருடம் எங்கள் கார் ஓடவில்லை. மற்ற காரெல்லாம் ஓடும் சத்தம் பிட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "சாப்டியாடா?" என்று கேட்டார். பஸ்ஸில் ஏற்றும்போது என் டூல் பாக்ஸையும் சேர்த்து அவரே தூக்கிக்கொண்டார். கோவையிலிருந்து திரும்பும் வரை நான் யாரிடமும் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் விதிப் புத்தகத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். அதில் 'பெர்சி' என்று ஒரு ஆள் வருவார். உண்மையில் மூன்று வட்டங்கள். இடுப்புக்கு 200 மில்லிமீட்டர் விட்டம், தோளுக்கு 200, ஹெல்மெட்டோடு தலைக்கு 300. உயரமான ஆண் ஒருவரின் அளவு. முதலில் இவரைக் காருக்குள் உட்கார வைக்க வேண்டும். நானும் வைத்தேன்தான். ஆனால் காரை வரைந்து முடித்துவிட்டு, கிடைத்த இடத்தில் அவரைச் செருகினேன்.

மூக்கில் இருக்கும் நசுங்கும் பெட்டியும் அப்படித்தான். 300 கிலோ கார், நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் (மணிக்கு 25 கிலோமீட்டர்தான்) சுவரில் மோதினால் 7350 ஜூல் ஆற்றலை அந்தப் பெட்டி தாங்க வேண்டும். ஓட்டுநர் உணரும் சராசரி விசை 20ஜியைத் தாண்டக் கூடாது. பத்தாம் வகுப்புச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், நிற்பதற்கு 12.5 சென்டிமீட்டராவது வேண்டும். சைக்கிள் கொஞ்சம் வேகமாகப் போகிற வேகத்துக்கே இவ்வளவு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு நீளமாக இருப்பது அழகுக்கு என்று நாம் ரசிக்கிறோமே, அந்த நீளத்துக்குள் ஒருத்தருடைய நெஞ்செலும்பு பத்திரமாக இருக்கிறது.

2018இல் ஃபார்முலா ஒன் கார்களில் ஓட்டுநரின் தலையைச் சுற்றி 'ஹாலோ' என்ற டைட்டானியம் வளைவைக் கட்டாயமாக்கினார்கள். செருப்பு வார் மாதிரி இருக்கிறது, பந்தயத்தின் அழகே போச்சு என்று ஒரே கூச்சல். வேண்டாம் என்றவர்களில் ஓட்டுநர் ரொமேன் குரோஜானும் ஒருவர். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் அவர் கார் இரும்புத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு போய் இரண்டாக உடைந்து தீப்பிடித்தது. ஏறக்குறைய அரை நிமிடம் நெருப்புக்குள் இருந்துவிட்டு, கையில் தீக்காயத்தோடு தானே ஏறி வெளியே வந்தார். தடுப்பின் தகடு தலையில் இறங்காமல் காத்தது அந்தச் செருப்பு வார்தான். மருத்துவமனையிலிருந்தே அதை ஒப்புக்கொண்டு பேசினார். இன்று ஹாலோ இல்லாத பழைய காரைப் பார்த்தால் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி, தலை அம்மணமாக இருக்கிற மாதிரி தோன்றுகிறது. கண் பழகிவிட்டது.

இதைத்தான் சொல்ல வந்தேன். வேகமும் அழகும் தங்களுக்குள் பேரம் பேசலாம். கொஞ்சம் விட்டுக்கொடு, கொஞ்சம் வாங்கிக்கொள் என்று. பாதுகாப்பை அந்தப் பேரத்துக்குள் இழுக்கக் கூடாது. அது காரின் ஒரு குணம் இல்லை, காருக்குள் இருக்கிற ஆள். ஆளை முதலில் வரைந்துவிட்டு, அந்த ஆளைச் சுற்றி வேகத்தையும் அழகையும் தேடினால் 300 எஸ்எல் மாதிரி ஏதாவது கிடைக்கும். கடைசியில் ஆளைச் செருகினால் கிடைப்பது என்ன என்று என்னிடம் கேளுங்கள் :-)

அடுத்த வருடம் நானே கேட்டு அதே வேலையை வாங்கினேன். தர யோசித்தார்கள், நியாயம்தான். இந்த முறை கணினியைத் தொடுவதற்கு முன்னால் மரப்பலகையும் பிவிசி குழாயும் வைத்து ஒரு பொய்க் கார் கட்டினோம். குழுவிலேயே உயரமானவனையும் குள்ளமானவனையும் ஹெல்மெட்டோடு உட்கார வைத்து அளந்தோம். கண்ணுக்குப் பாதை தெரிகிறதா, ஐந்து நொடிக்குள் இறங்க முடிகிறதா என்று பார்த்தோம். அப்புறம்தான் வளையம் வரைந்தேன். முன்னதைவிட உயரம். வேண்டாத சந்தேகத்துக்கெல்லாம் இடம் வைத்து, 50க்குப் பதில் 70. துணி காயப்போடும் கம்பிதான், என்ன செய்ய? ஆனால் தலைக்குப் பின்னால் அந்த வளையத்திலிருந்து எஞ்சின் மூடி வரை ஒரு ஃபைபர் முதுகை இழுத்துவிட்டபோது, பாய்கிற மீனின் முதுகுத்துடுப்பு மாதிரி ஒரு வடிவம் வந்தது. நான் திட்டமிட்டு வரைந்ததில்லை, உயரம் அதிகமானதால் தானாக வந்தது.

கார் ஓடியது. ஜெயிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சோதனையில் ஒட்டிய அந்தச் சின்ன ஸ்டிக்கரைப் படம் எடுத்து, இப்போது வேலையில் இருக்கும் அந்த அண்ணனுக்கு அனுப்பினேன். "எத்தன எம்எம்?" என்று மட்டும் பதில் வந்தது.

நேற்று சிங்கித்துறைக்குப் போய்ப் படகு அண்ணனிடம் காரின் படத்தைக் காட்டினேன். இந்தத் தடவை ஹெல்மெட்டோடு ஆள் உட்கார்ந்திருக்கிற படம். கையில் ரெசின் பிசுபிசுப்பு இருந்ததால் போனைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"ஆங், இப்பத்தான் வண்டி மாதிரி இருக்கு."